அக்கா எழுதாமல் விட்டது

ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உடம்புக்குக் குறையொன்றும் இல்லை. நீயும் அத்தானும் நன்றாக இருக்கிறீர்களா என்பதுதான் எனக்கு முதல் கவலை. இங்குள்ள சாப்பாடு இரண்டாவது கவலை.

எங்கள் விடுதி ஆஸ்பத்திரிக்குப் பின்னால், சலவைக்கூடத்தை ஒட்டி இருக்கிறது. காலை ஐந்தரைக்கே நீராவிச் சத்தம் எழுப்பிவிடும். நர்சிங் முதலாண்டில் நாங்கள் நாற்பது பேர். முப்பத்தாறு பெண்கள், நாலு பையன்கள். என் அறையில் இருப்பவனை எல்லோரும் நெட்டை என்கிறார்கள். கட்டிலுக்கு வெளியே முழங்கால் வரை நீட்டிக்கொண்டு தூங்குகிறான். அவனும் என்னைப் போலவே ஆழம் தெரியாமல் காலை விட்டவன்தான்.

முதல் வாரம் முழுக்கப் படுக்கை விரிப்பதுதான் பாடம். சிரிக்காதே. விரிப்பின் மூலையைக் கடித உறை மாதிரி மடித்து மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். ஒரு சுருக்கம் தெரிந்தாலும் டியூட்டர் அம்மா மொத்தத்தையும் உருவிப் போட்டுவிடுவார். "இந்தச் சுருக்கத்து மேல ஒருத்தர் பத்து நாள் அசைய முடியாம கிடந்தா முதுகு புண்ணாயிடும். மறுபடி விரி" என்றார். பதினோரு தடவை விரித்தேன்.

நீ தைத்துக் கொடுத்த வெள்ளைக் கோட்டு தோளில் கொஞ்சம் தொளதொளக்கிறது. வளர்கிற பிள்ளை என்று நினைத்தாயாக்கும். பத்தொன்பது வயதுக்கு மேல் எங்கே போய் வளர்வது?

அத்தானுக்கு இன்னும் கோபம் ஆறவில்லையா? ஆம்பளைப் பிள்ளை அடுத்தவன் மலச்சட்டி கழுவப் போகிறான் என்று அவர் அச்சகம் முழுக்கச் சொல்லியது எனக்குத் தெரியும். கழுவத்தான் போகிறேன் என்று சொல்லிவிடு. முகம் சுளிக்காமல் கழுவுவதற்குத் தனி வகுப்பே உண்டாம்.

அம்மா போனபோது எனக்கு ஏழு வயது. பள்ளி விடுதியில் இருந்த கடைசி இரண்டு வருஷம் தவிர உன்னை விட்டு இருந்ததில்லை. அதனால் பதிலை நீளமாக எழுது.

உன் தம்பி


ஜூலை 27

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, மற்றதெல்லாம் பிறகு.

பதினோரு தடவை விரித்தாயா? என்னோடு இருந்த இத்தனை வருஷத்தில் ஒரு நாள் உன் போர்வையை மடித்ததில்லை. டியூட்டர் அம்மாவுக்கு என் கும்பிடு.

பள்ளிக்கூடச் சீருடைத் துணி மலைபோல் குவிந்து கிடக்கிறது. தையல் மெஷினை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டிருக்கிறோம், காற்று வரட்டும் என்று. இந்த வெயிலில் வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. அத்தான்தான் சமைக்கிறார். உப்பு இருந்தால் உறைப்பில்லை, இரண்டும் இருந்தால் வேகவில்லை. ஆனாலும் அடுப்புப் பக்கம் என்னை விடமாட்டேன் என்கிறார். திடீரென்று இந்தக் கரிசனம் எங்கிருந்து வந்தது என்று கேட்காதே.

அவர் கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் உன் கடிதத்தை நான் படித்து முடிக்கும்வரை செய்தித்தாளைப் புரட்டவில்லை. புரட்டாமல் பிடித்துக்கொண்டே இருந்தார்.

கோட்டைத் தோளில் பிடித்துத் தைத்துக்கொள். ஊசி பிடிக்கத்தானே போயிருக்கிறாய்.

அக்கா


ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உனக்கு வாய்க்குப் பிடிக்காமல் போனது சரியாயிற்றா? நீ எழுதவில்லை.

ஊசி பிடித்துவிட்டேன். முதல் நோயாளி ஓர் ஆரஞ்சுப் பழம். அதற்குத் தண்ணீரை ஏற்றினோம். எல்லாம் நன்றாக இருக்கிறது. நெட்டை ஏற்றியதில் அவன் ஆரஞ்சு மறுபக்கம் பீய்ச்சியடித்தது. அடுத்து ஒருவர் கையில் ஒருவர் நாடி பார்த்தோம், ரத்த அழுத்தம் பார்த்தோம். எல்லாம் நன்றாக இருக்கிறது.

போன வாரம் எங்களையே நோயாளி ஆக்கினார்கள். கண்ணைக் கட்டிப் படுக்க வைத்து, இன்னொருவர் ஊட்ட வேண்டும். நெட்டை எனக்குக் கஞ்சி ஊட்டினான். அடுத்த கரண்டி எப்போது வரும் என்று தெரியாமல் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கிடப்பது எவ்வளவு அவமானம் தெரியுமா, அக்கா? அரை மணி நேரம்தான். அதற்குள் அவன்மேல் கோபமும், பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுவானோ என்று பயமும் வந்துவிட்டது. ஊட்டுவதற்கு முன் "இதோ வருது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைப் படிக்கத்தான் அந்த அரை மணி நேரம்.

கேள்வி கேட்கவும் சொல்லிக் கொடுக்கிறார்கள். நோயாளியிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் வரும், அது பதிலே இல்லை என்கிறார் டியூட்டர் அம்மா. "எங்க வலிக்குதுன்னு கேளு. கேட்டுட்டு வாயை மூடு. பதில் வர்ற வரைக்கும் நீ பேசாதே" என்பார். நாற்பது பேரில் அதிகம் திட்டு வாங்குவது நான்தான். என் வாய் உனக்குத் தெரியாததா?

இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது. கவலைப்படாதே.

உன் தம்பி


அக்டோபர் 6

அன்புத் தம்பிக்கு,

பதில் எழுத ஐந்து வாரம் ஆகிவிட்டது. தலைக்கு மேல் வேலை. உன்னை மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தில் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று மூன்று இடத்தில் வருகிறது. மூன்றாவது இடத்தில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. நன்றாக இருக்கிறவன் இத்தனை தடவை சொல்லமாட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்னிடம் வேண்டாம். என்ன நடந்தது, எழுது.

இங்கே புதிதாக ஒன்றுமில்லை. துணிக்கட்டுகளைக் கடைக்காரரே வீட்டுக்குக் கொண்டுவந்து போடுகிறார். கீழே குழாயடியிலிருந்து தண்ணீரை அத்தான் தூக்கி வருகிறார், இரண்டு மாடி. படியில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் திறந்து பார்க்கிறாள். இந்த வீட்டு ஆண்பிள்ளை தண்ணீர் தூக்கி அவள் பார்த்ததில்லை அல்லவா.

மறைக்காமல் எழுது.

அக்கா


அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடம் தப்ப முடியாது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுக்குத்தான்.

போன கடிதத்தின்போது, அறுவை அரங்கில் மயங்கி விழுந்திருந்தேன். கத்தியைக்கூடப் பார்க்கவில்லை, மருந்து வாசனைக்கே விழுந்தேன். கூட வந்த பெண்கள் எல்லோரும் அசையாமல் நின்றார்கள். அதையாவது சிரித்து மறந்துவிடலாம்.

ஆண்கள் வார்டில் எனக்கு ஒருவரை ஒப்படைத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், பக்கவாதம். தினமும் காலையில் அவருக்கு முகச்சவரம் செய்து, உடம்பைத் துடைத்து, புரட்டிப் படுக்க வைப்பேன். புரட்டும்போதெல்லாம் "வண்டி எடுக்கலாமா?" என்பார். "எடுக்கலாம், ரைட்" என்பேன். வாய் ஒரு பக்கம் கோணினாலும் சிரிப்பார். போன செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு, நான் சவரக் கிண்ணத்தைக் கழுவப் போயிருந்தபோது, இறந்துவிட்டார்.

கடைசியாகக் குளிப்பாட்டுவதையும் என்னையே செய்யச் சொன்னார்கள். கூட ஒரு மூத்த நர்ஸ் இருந்தார். அவர் இறந்தவரிடம் பேசிக்கொண்டே செய்தார், அக்கா. "இப்ப கையைத் தூக்கறேன், ஐயா. தண்ணி கொஞ்சம் சில்லுனு இருக்கும். இப்ப இந்தப் பக்கம் திரும்பறோம்." திருப்பும்போது அந்த நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டிய "ரைட்" என் வாயில் வரவில்லை.

அறைக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினேன். இந்த வேலைக்கு நான் ஆளில்லை என்று முடிவு செய்துவிட்டேன். பெட்டி மூடவில்லை. நெட்டை வந்தான். "நான் உக்காந்து அழுத்தறேன், நீ பூட்டு" என்றான். உட்கார்ந்தான். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. சாப்பாட்டு மணி அடிக்கும் வரைக்கும் என் பெட்டிமேல் உட்கார்ந்து அவன் ஊர்க் கதையெல்லாம் சொன்னான். மணி அடித்ததும் பசித்தது. போய்ச் சாப்பிட்டேன். மறுநாள் வார்டுக்குப் போனேன்.

இப்போது உன் முறை. தண்ணீர்க் குடத்தை அத்தான் ஏன் தூக்குகிறார்?

உன் தம்பி


நவம்பர் 12

அன்புத் தம்பிக்கு,

உன் மனசு தேறியிருக்கும் என்று நம்புகிறேன். நெட்டைக்கு என் ஆசீர்வாதம். அவனுக்கும் ஒரு கோட்டு தைக்கிறேன், அளவு வாங்கி அனுப்பு. துணிதான் ஒன்றுக்கு இரண்டாக வேண்டியிருக்கும்.

கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். இறந்தவரிடம் சொல்லிச் சொல்லிக் குளிப்பாட்டினார்கள் என்ற இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டார். முகம் கழுவிக்கொண்டு வந்துதான் மீதியைக் கேட்டார். மலச்சட்டிப் பேச்சு அதற்குப் பிறகு இல்லை.

தண்ணீரைப் பற்றிக் கேட்டாய். முதுகுவலி, அவ்வளவுதான். அந்த வருஷம் மாதிரி ஒன்றும் ஆகிவிடாது. நீ பாட்டுக்கு எதையாவது கற்பனை செய்துகொண்டு இருக்காதே.

அக்கா


டிசம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். நீ நலம் என்று எழுதுவதைத்தான் நம்ப முடியவில்லை.

எந்த வருஷம், அக்கா? நீயாக எழுதிவிட்டு எழுதாதது போல் போய்விட்டாய். நான் விடுதியில் பிளஸ் டூ படித்த வருஷம் அரையாண்டு விடுமுறைக்கு வர வேண்டாம், பரீட்சைக்குப் படி என்று எழுதினாய். முழு ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது பாதியாக இளைத்திருந்தாய். காய்ச்சல் என்று அத்தான் சொன்னார். நானும் நம்பிவிட்டு விளையாடப் போய்விட்டேன். அந்த வருஷமா?

இப்போது எங்களைக் கர்ப்பிணிகளின் வெளிநோயாளிப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். எடை பார்ப்பதும் ரத்த அழுத்தம் பார்ப்பதும்தான் எங்கள் வேலை. பையன் என்று சில பெண்கள் தயங்குவார்கள். அப்போது விலகிக்கொள்வேன். கையை நீட்டுகிறவர்களிடம் கேட்பேன்: தலைவலி உண்டா, கண் மங்குகிறதா, முகம் கை வீங்குகிறதா, மேல்வயிறு வலிக்கிறதா. எல்லோரும் "ஒண்ணுமில்ல" என்பார்கள். பொறுப்பாளர் சிஸ்டர் என் காதில் சொன்னார், "ஒண்ணுமில்லன்னு சொல்றவங்க செருப்பைப் பாரு, வளையலைப் பாரு" என்று. நேற்று ஒரு பெண்ணின் வளையல் சதைக்குள் புதைந்திருந்தது. அரை மணி நேரத்தில் அவரை வார்டில் சேர்த்துவிட்டார்கள்.

அக்கா, நீ என்னிடம் சொல்லக்கூடாதது எதுவும் இருக்கிறதா? நான் இனிமேல் ஒன்றும் பேசவில்லை.

உன் தம்பி


ஜனவரி 3

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாக இரு. கடிதம் எழுத நாளாகிவிட்டது.

ஆமாம். ஏழு மாதம் முடிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக்காரிக்கு மட்டும் கண் இருக்கிறது. போன தடவை, பரீட்சைக்குப் படிக்கிற உன்னைத் தவிர, எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொன்னேன். பிறகு ஒவ்வொருவரிடமாகப் போய் இல்லை என்று சொல்ல வேண்டி வந்தது. நீ கேட்ட வருஷம் அதுதான். அந்தக் குழந்தை தங்கவில்லை. அதற்குமேல் எழுத வராது, விட்டுவிடு.

மெஷினை மிதிக்க முடியவில்லை. என் செருப்பு நுழையாமல் அத்தான் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிறேன். மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றினோம். மூன்று நாளாகத் தலைவலி, கண்ணாடி போட வேண்டும் போலிருக்கிறது. ஊசியில் நூல் கோர்க்க உட்கார்ந்தால் மின்மினிப் பூச்சி பறக்கிற மாதிரி தெரிகிறது. வயசாகிறது உன் அக்காவுக்கு.

கோடு கோணலாகப் போகிறது. இத்துடன் நிறுத்துகிறேன்.

அக்கா


ஜனவரி 12

மாப்பிள்ளைக்கு,

நீ திடமாக இருக்க வேண்டும். இங்கே இருவரும் உயிரோடு இருக்கிறார்கள், அதை முதலில் எழுதிவிடுகிறேன். நாள் முழுக்க அடுத்தவர் எழுதியதை அச்சடிக்கிறவன் நான். சொந்தமாக ஒரு கடிதம் எழுதியதில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ அச்சகத்துக்குப் போன் செய்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினேன். "அத்தான், கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அக்கா முகம் வீங்கியிருக்கா?" என்றாய். பத்து வருஷமாகப் பார்க்கிற முகம், மாப்பிள்ளை. அன்று காலையிலும் பார்த்தேன். வீங்கியிருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மாதாமாதம் கிளினிக்குக்குப் போய் வருகிறாளே என்றேன். "கிளினிக் அட்டையைப் பாத்தீங்களா? வீட்டுக்குப் போங்க. அட்டையைப் பாருங்க. பாத்துட்டு ஒரு நிமிஷம் நிக்காதீங்க" என்றாய். சட்டையில் மையோடு ஓடினேன்.

அட்டையில் ஒரு வரிதான் இருந்தது, மூன்றாம் மாதத்தியது. மீதி எங்கே என்றேன். நாலு சட்டை பாக்கி இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கத்தியிருப்பேன். உன் கடிதத்தில் வந்த டியூட்டர் அம்மா பேச்சு ஞாபகம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, "தலையில எந்த இடத்துல வலிக்குது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, "பயமா இருக்குங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் கையில் பட்டை கட்டிக் காற்றை அடித்துப் பார்த்தது. மறுபடி அடித்தது. டாக்டரைக் கூப்பிட ஓடியது. ரத்த அழுத்தம் நூற்றெண்பது என்றார்கள். வலிப்பு வருவதற்குள் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். சாயங்காலம் வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். பெண் குழந்தை, ஒரு கிலோ அறுநூறு. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் கதவுக்கு வெளியே கேட்டது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். போன தடவை இதே மாதிரி ஒரு கதவுக்கு வெளியே அந்தச் சத்தத்துக்காக நின்றிருந்தேன்.

அறுவை முடிந்து அவளைப் போட்டிருந்த கூடத்தில் உன் வயதில் ஒரு ஆண் நர்ஸ். பக்கத்துக் கட்டில்காரரின் மலச்சட்டியை எடுத்துப் போய்க் கழுவிக் கொண்டுவந்து வைத்தான். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை, எழுந்து நின்றேன். ஏதாவது வேணுமா சார் என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன்.

உனக்கு லீவு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டால் நான் வந்து உங்கள் டியூட்டரிடம் கேட்கிறேன்.

அத்தான்


பிப்ரவரி 18

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். மூன்று என்று எழுதிப் பார்ப்பதற்காகவே இந்தக் கடிதம்.

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம். இரண்டு கிலோ முந்நூறு. அங்கே சொல்லிக் கொடுத்தபடி சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இதை எழுதும்போதும் அங்கேதான் தூங்குகிறாள். அத்தானுக்கும் ஒரு மணி நேரம் உண்டு. அவர் மூச்சுவிடவே பயப்படுகிறார்.

நீ வந்து உட்கார்ந்திருந்த இரண்டு நாளும் என்னைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ தலையணையைச் சரிசெய்தாய், விரிப்பை இழுத்துவிட்டாய், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அப்போது சொல்லியிருக்க மாட்டேன். இப்போது எழுதுகிறேன்.

கிளினிக்குக்கு ஏன் போகவில்லை என்றால், போன தடவை ஒரு நாள் தவறாமல் போனேன். எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார்கள். கடைசித் தடவைக்குப் பிறகு நாலாம் நாள் அசைவு நின்றுவிட்டது. இந்தத் தடவை அந்த வார்த்தையை இன்னொருவர் வாயிலிருந்து கேட்க எனக்குத் தெம்பில்லை. செய்தது தப்புதான். இவளையும் கொன்றிருப்பேன், நானும் போயிருப்பேன்.

போன தடவை பிறந்தவளைப் பார்க்க வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள், பார்த்தால் மறக்க முடியாதாம். ஒரு நர்ஸ் மட்டும் கிட்டே வந்து, "பாக்கணுமா?" என்று கேட்டு நின்றாள். நான் தலையாட்டினேன். சுத்தமாகத் துடைத்து, பச்சைத் துணியில் சுற்றி, கையில் கொடுத்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டுப் போனாள். நெற்றியில் முடி தாழ இறங்கியிருந்தது, உனக்கு இருக்கிற மாதிரி. வலது காது மடிந்திருந்தது. நான் விரலால் நிமிர்த்திவிட்டேன், அது மறுபடி மடிந்துகொண்டது. நீளமான பாதம். தூங்குகிற மாதிரிதான் இருந்தாள். அத்தானைக் கூப்பிடச் சொன்னேன். அவரும் வந்து பார்த்தார். இரண்டு பேரும் அதைப் பற்றி அப்புறம் பேசியதே இல்லை. பேசினால் மற்றவர் உடைந்துவிடுவார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம்.

இவளை வந்து பார்க்கிற, பழையது தெரியாதவர்கள் முதல் குழந்தையா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். சொல்லும்போதெல்லாம் அந்த மடிந்த காது ஞாபகம் வருகிறது. அவளுக்கு ஒரு பேர் வைத்திருந்தேன், தம்பி. யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பாலுக்கு எழுந்துவிட்டாள். நன்றாகப் படி.

அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் மூவரும் சுகம் என்று படித்ததில் எனக்கும் சுகம்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். வகுப்புக்குத் தாமதம். டியூட்டர் அம்மா காரணம் கேட்டார். வீட்டிலிருந்து கடிதம் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார்.

பரீட்சை மார்ச் எட்டாம் தேதி முடிகிறது. ஒன்பதாம் தேதி ரயிலேறுகிறேன். நாலு நாள் இருப்பேன். சின்னவளைக் குளிப்பாட்டுவது, துணி துவைப்பது, இரண்டு மாடி தண்ணீர் தூக்குவது எல்லாம் என் பொறுப்பு. நீ தூங்கு, அத்தானும் தூங்கட்டும்.

எனக்கு இரண்டு மருமகள்கள் என்று நெட்டையிடம் சொன்னேன். பெரியவள் பேர் என்ன என்று கேட்டான். தெரியாது, போய்க் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்றேன்.

உன் தம்பி